உன் ஊருக்கு வந்து சேர்ந்த அதிர்வு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு மிச்சமிருக்கிற ஒரே வேண்டுதல். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் தரை ஆடுகிறது என்று சொல்வது மட்டும் நிற்கவில்லை. சமைத்துக்கொண்டிருப்பவள் சட்டென்று அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் கை வைத்துப் பார்க்கிறாள். மேல்வீட்டுக்காரர் கட்டிலை நகர்த்தினாலும் இதே கதைதான். உன் தம்பி வாலு தங்கியிருந்த விடுதி இடிந்து விழுந்து ஒன்றரை வருடம் ஆகிறது, அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்கக்கூட இல்லை, ஆனாலும் அவள் காதுக்குள் அது இன்னும் விழுந்துகொண்டேயிருக்கிறது.

போன வாரம் எங்கள் நில அதிர்வு நிலையத்தில் ஒன்று நடந்தது. ஆராய்ச்சிக்காகப் புதிதாக வந்திருக்கும் பெண், உன் வயதுதான் இருக்கும், டீ குடிக்கும்போது என்னிடம், ‘ஒலகத்தோட மறுபக்கத்து நிலையங்கள்ல இவ்வளவு சுத்தமான பதிவு கெடைக்கறது அபூர்வம் சார், பூமியோட நடுவுல புகுந்து வெளிய வந்தது அப்படியே தெரியுது’ என்றாள். எந்த நிலநடுக்கம் என்று கேட்டேன். வாலுவைக் கொண்டுபோன அதே நிலநடுக்கம். மற்றவர்கள் எல்லாம் டம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ அவளை வெளியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார்கள் போலிருக்கிறது, கண் சிவந்து திரும்பி வந்து, ‘ஆராய்ச்சிக்கு நான் வேற ஏதாவது எடுத்துக்கறேன் சார்’ என்றாள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதிர்வைக் கோடாக வரைந்திருக்கும் அந்தப் பதிவைப் பற்றி அம்மாவிடம் சொன்னதும், ‘அந்தக் கோட்டுல அவன் எங்க இருக்கான்’ என்று கேட்டாள். ஒரு கட்டிடம் விழுவதெல்லாம் அவ்வளவு தூரத்தில் பதிவாகாது என்றேன். ‘அப்ப அதுக்குத் தெரியவே தெரியாதா’ என்றாள். மறுநாள் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றாள்.

நிலையத்தில் அந்தப் பெண் அம்மாவுக்கு நாற்காலி போட்டு நிதானமாகச் சொன்னாள். பூமிக்குள்ளே போய்ப் பார்த்தவர் யாருமில்லை, டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்ப்பதுபோல இந்த அதிர்வுகளை வைத்துத்தான் உள்ளே இருப்பதை அறிகிறோம். அலைகளில் ஒரு வகை பக்கவாட்டில் ஆடிக்கொண்டு போவது, அது கெட்டியானதில் மட்டுமே போகும், பாதி வழியில் உருகிய உலோகம் குறுக்கிட்டதும் அங்கேயே செத்துவிடும், அது வராததைப் பார்த்துத்தான் உள்ளே உருகிக் கிடக்கிறது என்றே தெரிந்தது. இன்னொரு வகை நெருக்கித் தள்ளிக்கொண்டு போவது, அது வளைந்து அந்த உருகலுக்குள் நுழைந்து, அதற்கும் நடுவே இருக்கிற கெட்டி உருண்டையையும் தாண்டி மறுபக்கம் வந்துவிடும் என்றாள். ‘மறுபக்கம்னா எங்கம்மா’ என்று அம்மா கேட்க, அந்தப் பெண் உலக உருண்டையைத் திருப்பி விரல் வைத்தாள். உன் ஊர். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

போனில் நீ, ‘அன்னிக்கு எனக்கு மனசுல ஒண்ணுமே தட்டலப்பா, ஃப்ரெண்ட்ஸோட சிரிச்சிட்டிருந்தேன், நானெல்லாம் என்ன அக்கா’ என்று அழுதாயே, அதற்கான பதிலை இப்போது சொல்கிறேன். உன் ஊர் நிலையத்தின் பதிவையும் இப்போது பார்த்துவிட்டேன். ஏறக்குறைய இருபது நிமிடத்தில், எங்கள் போன் வருவதற்கு வெகுநேரம் முன்னாலேயே, அது உன் காலடிக்கு வந்திருக்கிறது. வந்து சேர்ந்தபோது அதற்கு ஒரு டம்ளர் தண்ணீரை அசைக்கிற தெம்புகூட இல்லை. மனுஷ உடம்புக்கு அது எட்டாது கண்ணு. உன்மேல் குறையில்லை.

கிளம்பும்போது அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நீயே பாரும்மா, வேற எதுக்கும் போகாத, அது எங்கெங்க போச்சுன்னு யாராவது தெரிஞ்சு வச்சிருக்கணும்ல’ என்றாள். அதனால் வேலை நடக்கிறது. அந்தப் பெண்ணின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நானும் பார்க்கிறேன், சில நாள் பாதியில் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

உன் கட்டில் பக்கத்தில் கனமான அலமாரி இருந்தால் தள்ளிப் போடு. வேளைக்குச் சாப்பிடு. நீ நூறாண்டு நிறைவாக இருக்க எங்கள் ஆசி. மறக்காமல் ஒன்று, அன்றைக்கு என்ன சொல்லிச் சிரித்தீர்கள் என்று அம்மா கேட்கிறாள், அடுத்த முறை பேசும்போது அவளுக்கு முழுசாகச் சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா