முன்வரிசைப் பெட்டிகள்

மார்ச் 3, திங்கள்

இது உங்கள் கையில் கிடைத்திருந்தால், தயவுசெய்து இந்த வரியோடு மூடி வைத்துவிடுங்கள். முடியாது, படித்தே தீருவேன் என்றால் படியுங்கள். ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் யாராவது உள்ளே புகுந்து கழுத்தில் கத்தியை வைத்துவிடுவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். யாருடைய கழுத்து என்று அவர் சொல்லவில்லை. பெட்டிகள் இருப்பது என் அறையில். அப்படியென்றால் என் கழுத்துதானே?

எல்லாம் கார்டுப் பெட்டிகள். பெட்டிக்குள் பாக்கெட்டுகள், பாக்கெட்டுக்குள் கார்டுகள், கார்டில் கவசம் போட்ட வௌவாலும் மூன்று தலை மீனும். என் வகுப்பில் பாதிப் பேர் இதற்காகத்தான் அடித்துக்கொள்கிறார்கள். இந்த வகைக் கார்டுகளை அச்சடிப்பதைக் கம்பெனி நிறுத்திவிட்டது. அதனால் மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை கிழியாத பெட்டிகளுக்கு வருடா வருடம் விலை ஏறுமாம். சொந்த வீட்டுக்காகச் சேர்த்த பணத்தை அப்பா இதில் போட்டார். சித்தப்பாவும் போட்டார். யோசனையே அவருடையதுதான்.

"பிரிச்சா அது வெறும் காகிதம். பிரிக்காத வரைக்கும்தான் காசு" என்பார் அப்பா. கிடங்கில் சரக்கு அடுக்க ஆட்களை மேய்க்கிறவர் என்பதால், சுவரோடு சுவராக ஒரு விரல் இடைவெளி விட்டு அழகாக அடுக்கியிருக்கிறார். வெயில் படக் கூடாது என்று ஜன்னலை ஆணி அடித்து மூடிவிட்டார். பெட்டிகள் மேல் கறுப்புத் துணி.

சித்தப்பாவுக்கு எல்லாமே விளையாட்டு. எனக்கு எலி என்று பேர் வைத்தவரும் அவர்தான். "எலி, உன் ரூம்ல உன்னத் தவிர மத்த எல்லாத்துக்கும் விலை ஏறுது பாத்தியா?" என்பார். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் விளக்கை அணைத்தபின் உறைகள் தானாக லேசாகப் படபடக்கும். குளிரில் பிளாஸ்டிக் இறுகும் சத்தம் அது என்கிறார் அப்பா. நான் போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தம் பெட்டியிலிருந்து வருகிறதா கதவிலிருந்து வருகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடப்பேன்.

மார்ச் 5, புதன்

தலைவலி என்று சொன்னேன். அப்பா ஓடி வந்து முதலில் துணியைத் தூக்கிப் பெட்டிகளைத் தடவிப் பார்த்தார், அறையில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று. பிறகுதான் என் நெற்றி.

மார்ச் 7, வெள்ளி

நாளைக் காலை பெட்டிகளை வாங்க ஒருவர் வருகிறார். மொத்தமாக எடுத்துக்கொள்வாராம். அப்பா போன வாரம் முழுக்க ஒரே புலம்பல்: "முன்வரிசையில உறையெல்லாம் தொளதொளன்னு இருக்கு, பாக்கவே அசிங்கமா இருக்கு." கிடங்கில் கணக்கெடுப்பு என்று அவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

அம்மா சாயங்காலம் வரும்போது பையில் கடையிலிருந்து சூடான காற்று ஊதும் ஹீட் கன்னைக் கொண்டு வந்திருந்தாள். பரிசுப்பொருள் கடையில் பழக்கூடைகளுக்கும் பொம்மைகளுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுச் சூடு காட்டி இறுக்குவதுதான் அவள் வேலை. அவள் இறுக்கிய கூடையில் ஒரு சுருக்கத்தைக் கண்டுபிடித்துவிட முடியாது.

"பெட்டியக் கெட்டியா புடிச்சுக்கோ. ஆட்டாத."

நான் பிடித்துக்கொண்டேன். அம்மா ஊதினாள். தொங்கிக்கொண்டிருந்த உறை சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணாடி மாதிரி ஆனது. மூலைகள் கூர்மையாக வந்தன. சூடான பிளாஸ்டிக் வாசனை. முன்வரிசை முழுவதையும் முடித்துவிட்டாள். அம்மா இந்த அறைக்குள் வந்து இவ்வளவு நேரம் இருந்ததே எனக்கு ஆச்சரியம். பெட்டிகள் வந்ததிலிருந்து அவள் வாசலில் நின்றே பேசுவாள்.

"உங்கப்பாட்ட மூச்சு விடாத. நாளைக்கு அவரே துணியத் தூக்கிப் பாத்து அசந்து போகட்டும். நானும் இந்த வீட்டுல ஒரு வேலைக்கு ஆவேன்னு தெரியட்டும்."

மார்ச் 8, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

வந்தது ஒரு அக்கா. வெள்ளைக் கையுறை, சின்ன டார்ச், மெல்லிய குரல். அம்மா அதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டாள். சித்தப்பாவும் தன் கடையில் இருந்தார். அப்பா துணியைத் தூக்கினார். "அடேங்கப்பா! பாத்தீங்களா, எப்படி இருக்கு? ஒரு சுருக்கம் கிடையாது" என்றார். தான் ஈரம் படாமல் காப்பாற்றியதால்தான் இப்படி இருக்கிறது என்று நினைத்துவிட்டார் போல. எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா இதைப் பார்க்காமல் போய்விட்டாளே என்று நினைத்தேன்.

அக்கா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒரு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்தது. அதற்கும் அடுத்தது. நான் தண்ணீர் கொண்டு போனபோதுதான் நிமிர்ந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இத யாரோ பிரிச்சு, திருப்பி மூடியிருக்காங்க."

அப்பா சிரித்தார். நிஜமாகவே சிரித்தார்.

"கம்பெனி உறை இவ்ளோ இறுக்கமா இருக்காது சார். கொஞ்சம் தளர்வாத்தான் வரும். இங்க பாருங்க, காத்து போறதுக்கு ஊசி முனை அளவுக்கு வட்டமா ஓட்டை இருக்கும். இதுல எல்லாம் இழுபட்டு நீளமாயிருக்கு. சூடு காட்டினாத்தான் இப்படி ஆகும். நல்ல பாக்கெட்ட எடுத்துட்டு வேற எதையாவது வச்சுச் சூடு காட்டி மூடுறவங்க நெறைய பேர் இருக்காங்க."

"வேணும்னா ஒண்ணப் பிரிச்சே பாத்துடலாமே!"

"பிரிச்சா நான் வாங்க முடியாதே சார்."

அக்கா கையுறையைக் கழற்றினார். முன்வரிசை இப்படி என்றால் பின்வரிசையையும் நம்ப முடியாது, இந்தத் தொழிலில் பேர் கெட்டுவிட்டால் அவ்வளவுதான், வருத்தமாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு, நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே. அம்மாதான் சூடு காட்டினாள், உள்ளே எதையும் தொடவில்லை என்று. வாய் வரை வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். போச்சு, ஒன்றும் வரவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் அந்த அக்கா நம்பியிருப்பாரா? திருடுகிறவர்களும் அப்படித்தானே ஒரு கதை சொல்வார்கள்?

மார்ச் 9, ஞாயிறு

சித்தப்பாவை அப்பா வரச் சொன்னார். சித்தப்பா எப்போதும்போல வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்: "என்ன அண்ணா, வித்தாச்சா? எனக்கு எப்போ விருந்து?"

"சாவிய எடு."

வீட்டின் இன்னொரு சாவி சித்தப்பாவிடம்தான் இருந்தது. யாரும் இல்லாதபோது வந்து பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் போவார். மொபைல் பழுது பார்க்கிற அவர் கடையில் ஹீட் கன்னும் உண்டு.

"எந்தச் சாவி?"

"போன மாசம் என்ன சொன்ன? ஒண்ணே ஒண்ணு பிரிச்சுப் பாக்கலாமா அண்ணா, கை அரிக்குதுன்னு சொன்னியா இல்லையா?"

"வெளயாட்டுக்குச் சொன்னேண்ணா!"

"எத்தனை பெட்டிடா வெளயாண்ட?"

சித்தப்பாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபிறகு அவர் முகம் வேறு யாருடைய முகமோ மாதிரி ஆகிவிட்டது. "என் காசும் அதுலதானே இருக்கு? என் வீட்டுலயே நான் கன்னம் வச்சுத் திருடுவேனா?" என்றார். அப்பா கையை மட்டும் நீட்டிக்கொண்டே நின்றார். சித்தப்பா சாவியைப் பிரிட்ஜ் மேல் வைத்தார். என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டினார். ஒரு செருப்பு காலில் நுழையவே இல்லை, அதைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

அம்மாவிடம் அப்பா சொன்னது இவ்வளவுதான்: "தம்பி பெட்டியெல்லாம் பிரிச்சுக் கை வச்சுட்டான். வந்தவங்க கண்டுபுடிச்சுட்டாங்க." உறையைப் பற்றியோ சூட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

பாத்திரம் தேய்க்கும்போது அம்மா என் காதருகே குனிந்து சொன்னாள்: "உன் சித்தப்பாவ நான் என்னைக்குமே நம்பினது இல்ல. நல்லவேளை, முன்வரிசையவாவது நான் சரி பண்ணி வச்சேன்."

அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. அந்த அக்கா சொன்னதையும் அம்மா செய்ததையும் சேர்த்துத் தெரிந்த ஒரே ஆள் நான். ஏன் நான்? நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டுதானே இருந்தேன்?

மார்ச் 10, திங்கள்

கணக்குப் பாடத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டதே காதில் விழவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் திருப்பிக் கொண்டுவந்து, வழியில் நாய்க்குப் போட்டேன்.

மார்ச் 12, புதன்

பள்ளி வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. மொபைல் பழுது பார்க்கும் அவர் கடையை இரண்டு நாளாகத் திறக்கவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் அப்பாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். "குத்தமுள்ள நெஞ்சு, எப்படிக் கடை தொறப்பான்?" என்று அப்பா கேட்டார்.

"எலி, அண்ணன் போன எடுக்க மாட்டேங்குறாரு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நல்லா இருக்காரான்னு மட்டும் சொல்லு. சாப்பிடுறாரா?"

தலையாட்டினேன்.

"நீயும் நான்தான் எடுத்தேன்னு நெனைக்கிறியா?"

இல்லை என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. நான் அழுததை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. "சரி சரி, போ. பஸ் போயிடும்" என்று என் தலையில் கை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். நான் நினைத்து அழுதது வேறு. அவர் புரிந்துகொண்டது வேறாக இருக்கும். ஐயோ.

வீட்டுக்கு வந்தால் அப்பா சொல்கிறார், சனிக்கிழமை போலீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறாராம். சொந்தத் தம்பி மேல்.

போலீஸ் பிடித்தால் அடிப்பார்களா? கேட்காமலே அடிப்பார்களா?

மார்ச் 13, வியாழன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த அக்கா சொன்னதை, ஊசி முனை ஓட்டை, இழுபட்டது, சூடு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா ஒரு சட்டையைக் கையில் வைத்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள். அந்தச் சட்டையை மடித்தாள். பிரித்தாள். திரும்ப மடித்தாள்.

"நான் அழகா இருக்கட்டும்னுதானேடி பண்ணேன்."

"தெரியும்மா."

"இத்தனை வருஷ சேமிப்பு. என் கையாலயே..." அம்மா பயந்து நான் பார்த்ததில்லை. கரப்பான் பூச்சியைக் கையால் அடிக்கிறவள். இன்று அவள் அந்தச் சட்டையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், எனக்கு மேலே யாருமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

"நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் திறக்காத" என்றாள்.

அப்பா வந்தார். சாப்பிட்டார். செய்தி பார்த்தார். படுத்தார். அம்மா சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

நாளை சனிக்கிழமை.

அம்மா காலையில் சொல்லவில்லை. சாயங்காலம் என் கண்ணைப் பார்க்காமலே சோறு போட்டாள். அப்பா புகாரை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, எழுத்துப் பிழை இருக்கிறதா பார் என்று என்னிடமே நீட்டினார். பார்த்தேன். பிழை எதுவும் இல்லை என்று சொன்னேன்.

அறைக்குள் வந்து கதவைத் தாழ் போட்டேன். துணியைத் தூக்கினேன். முன்வரிசையில் நடுப்பெட்டி, அப்பா அடிக்கடி தடவிப் பார்ப்பது. கத்தரிக்கோலை மூலையில் வைத்தேன். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. பிரித்தால் காகிதம், பிரித்தால் காகிதம் என்று அப்பாவின் குரல் உள்ளேயே ஓடியது. பிறகு வெட்டிவிட்டேன்.

வெட்டிவிட்டேன். உறை முழுவதும் ஒரே சத்தத்தோடு பிளந்துகொண்டது.

உள்ளே எல்லாப் பாக்கெட்டுகளும் இருக்கின்றன. ஒரே பக்கம் பார்த்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, இயந்திரம் வைத்தது வைத்தபடி. ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு ஓரத்தையும் விளக்கில் காட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிரிந்திருக்கவில்லை. யார் கையும் படவில்லை. சித்தப்பா, உங்க கை இதுல படவே இல்ல.

இதை எடுத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் வைக்க வேண்டும். சூடு காட்டியது யார் என்று கேட்பார். நான் என்று சொல்லிவிடலாமா? கடையிலிருந்து ஹீட் கன் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டால்? எழுந்து போகத் துணிவு வரவில்லை. அதனால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கூடத்தில் பேச்சு கேட்கிறது. அம்மா.

"நான்தாங்க பண்ணேன். கடையில இருந்து எடுத்துட்டு வந்து நான்தான் சூடு காட்டினேன்."

சொல்லிவிட்டாள். சொல்லியேவிட்டாள்.

நாற்காலி நகர்கிறது.

"அவன் மேல புகார் போகக் கூடாதுன்னு நீ கதை கட்டுற."

"உங்க தம்பிக்காக நான் எதுக்குங்க பொய் சொல்லணும்? எனக்கும் அவருக்கும் என்னைக்கு ஒத்துப் போச்சு?"

"அப்போ உள்ள எல்லாம் சரியா இருக்குன்னு எப்படி நம்புறது?"

"பிரிச்சுப் பாருங்க."

"பிரிச்சா போச்சேடி..." அப்பாவின் குரல் உடைகிறது. அப்பா அழுகிறாரா? "எத வச்சு நம்புறது நான்? எத வச்சு?"

என் மடியில் இருக்கிறது அப்பா. இதோ, என் மடியில்.

நடக்கும் சத்தம். இந்தப் பக்கம்தான் வருகிறார்கள், இரண்டு பேருமே. பாக்கெட்டுகளைத் திரும்ப அதே வரிசையில் அடுக்கிவிட்டேன். வெட்டிய உறையை ஒளிக்கவில்லை. மேலேயே வைத்திருக்கிறேன், பார்க்கட்டும்.

கதவைத் தட்டுகிறார். "எலி, கதவத் தொற" என்கிறார். திறக்கிறேன் அப்பா, இதோ எழுந்து