உன் கால்சட்டையின் பின்பக்கத்தை விலை பேசிய விவரம்

கோல்டர் கிரீக், சஸ்காச்சுவான்
ஜனவரி 9

அன்புள்ள மார்க்கோ,

நானும் அப்பாவும் நலம், மைனஸ் நாற்பதில் வண்டிதான் கிளம்ப மாட்டேன் என்கிறது. உன் முழங்காலும் வாயில் மிச்சமிருக்கிற பற்களும் நலந்தானே?

போன வியாழக்கிழமை உன் கிளப் தலைவர் ஹ்லவாச் எனக்குப் போன் செய்து, உன் கால்சட்டையின் பின்பக்கத்தில் நம் டயர் கடை விளம்பரம் போட விலை கேட்டார். பேசி முடித்துவிட்டேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. ஸ்லோவாக்கியாவில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறவன் உடம்பில் விளம்பரம் ஒட்டாத இடமே இல்லை என்று நீ அனுப்பிய படத்திலேயே பார்த்தேன். நெஞ்சில் தொத்திறைச்சிக் கடை, ஹெல்மெட்டில் ஜன்னல் கம்பெனி, தோளில் பல் டாக்டர், அது ஒன்று உனக்குப் பொருத்தம். பின்பக்கம் மட்டும் காலியாம். ஏழு ஆட்டம் வரிசையாகத் தோற்றாயிற்றாம், உள்ளூர்ப் பையன் தோற்றால் கெட்ட நேரம், வெளிநாட்டுக்காரன் தோற்றால் தண்டச் சம்பளம், ஆகவே ஜனவரி முப்பத்தொன்றுக்குள் உன்னை ஊருக்கு அனுப்பக் கமிட்டி துடிக்கிறதாம். நீயோ 'எல்லாம் நல்லா போகுதும்மா' என்கிறாய். அந்த மனுஷன் குரலில் தேன் தடவிக்கொண்டு, "நீங்க வியாபாரி, உங்களுக்கு நான் சொல்லணுமா. கடைப் பேரு அங்க இருந்துச்சுன்னா விளம்பரக்காரங்க வீட்டுப் பையனை யாரும் தொட மாட்டாங்க" என்றார்.

முப்பது வருஷம் டயர் விற்றவள் நான். டயரோடு ஜாக்கியை இனாமாகக் கொடுத்தால் டயரில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். நான் பணம் கட்டினால் விளம்பரத்தோடு வந்த இனாம் நீ. உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், உனக்கு ஒன்பது வயதில் உன் பயிற்சியாளருக்கு நாலு குளிர்கால டயர் சும்மா போட்டுக் கொடுத்தேன். அந்த வருஷம் முழுக்க நீ பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாய், டயரும் திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் நீயாக ஆடி இடம் பிடித்தாய், நம் அரங்கச் சுவரில் இருக்கும் என் கடைப் பலகையிலேயே மோதி முதல் பல்லையும் விட்டாய். அன்றோடு உனக்கு இடம் வாங்கப் பார்க்கிற வியாபாரத்தை விட்டேன்.

உன் சித்தப்பா ரோமன் அரங்கத்துக் காபி மேசையில் இதைக் கேட்டுவிட்டு, "டயப்பர் வாங்குன காலத்துல கூட அவன் பின்பக்கத்துக்கு இவ்வளவு செலவாகலையே அண்ணி" என்றான், மேசையே சிரித்தது. அப்பா கதை வேறு. உன் ஆட்டம் இங்கே முற்பகலில் வருகிறதா, அரங்கத்தில் தான் ஓட்டுகிற, ஐஸை மழித்துச் சமமாக்கும் வண்டியை நடு மைதானத்தில் நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து போனில் பார்க்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு காத்துக் கிடக்கிறார்கள்.

ஹ்லவாச்சிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "விளம்பரம் கிடக்கட்டும். என் மகன் ஆடுறானா இல்லையா?" குரலில் தேன் போய், "ஆடுறான்மா. அடி வாங்கிட்டும் எழுந்து ஓடுறான். பயிற்சியாளருக்கு அவனை விட மனசில்ல, கமிட்டிதான்…" என்றார். அதற்குப் பிறகுதான் விலை பேச உட்கார்ந்தேன்.

பொய்ப்பல்லை ஓட்டல் டம்ளரில் விட்டுவிட்டு வராதே, சூப்பை மட்டும் குடித்துவிட்டு ஆடப் போகாதே. ஊருக்கு வந்தால் கடையில் வேலை இருக்கிறது, அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, ஆனால் அங்கே இருந்தால் என் காசுக்காக இல்லாமல் உன் ஆட்டத்துக்காக இரு. கடவுள் உன் முழங்காலைக் காப்பாற்றட்டும். ஹ்லவாச் கையெழுத்துப் போட்ட தாளின் நகலையும் உள்ளே வைத்திருக்கிறேன், மறக்காமல் படி. அதில் உள்ளது இதுதான்: இந்தப் பேரம் பற்றிப் பயிற்சியாளரிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது, முடிவு அவருடையது. உன்னை அனுப்பினால் நான் மூவாயிரம் யூரோ கட்டுவேன், மிச்சமிருக்கும் இருபத்தொரு பேரின் பின்பக்கத்திலும் சீசன் முடிகிறவரை என் கடைப் பெயர். உன்னை வைத்துக்கொண்டால் ஒரு சென்ட் கிடையாது, உன் பின்பக்கம் காலியாகவே இருக்கும்.

உன் அம்மா,
நாடியா ஹ்ரின்சுக்