லொறியை மறித்த தடைக்கற்களைக் காக்கக் கோரல்

அனுப்புநர்:
மங்களேஸ்வரி குலேந்திரன்,
ஹவுகெட்டோ, ஒஸ்லோ.

பெறுநர்:
மரபுச் சின்னங்களுக்குப் பொறுப்பான அதிகாரி,
ஒஸ்லோ.

பொருள்: ஹவுகெட்டோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள போர்க்காலத் தடைக்கற்களை உடைக்கும் முயற்சி பற்றிய புகாரும், அவற்றுக்கு நிரந்தரப் பாதுகாப்புக் கோரலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

சொல்ல வந்ததை முழுமையாகச் சொல்வதற்காகத் தமிழில் எழுதுகிறேன். என் மூத்த மகள் மயூரா நோர்வே மொழியான நொஸ்கில் செய்த மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன்.

1. ஹவுகெட்டோவுக்குக் கீழே, ஆறு கடலை நோக்கி இறங்கும் பள்ளத்தாக்கில், இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளை மறிக்க ஜேர்மன் படை நாட்டிய கொங்கிறீற் கற்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. எந்த டாங்கியும் அந்த வழியால் வரவில்லை என்று அயலவர் ராக்ன்ஹில்ட் அம்மையார் சொல்வார். இலங்கை யுத்தத்துக்குத் தப்பி வந்த எனக்கோ அவற்றைப் பார்க்கவே பிடிக்காது. பல ஆண்டுகள் மறுகரையால் சுற்றித்தான் ரயிலுக்குப் போனேன்.

2. கடந்த பங்குனி மாதச் சனிக்கிழமை ஒன்றில் அது மாறியது. தமிழ் வகுப்பு முடிந்த பிள்ளைகள், என் இளைய மகள் சாருகா உட்பட, கற்களுக்குக் கீழேயுள்ள சரிவில் பனியில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தனர். மேல் வீதியில் வந்த சரளைக்கல் லொறி பனியில் வழுக்கி, பிறேக் பிடிக்காமல், நேரே அவர்களை நோக்கி இறங்கியது. மகளை அழைத்துப்போகச் சரிவோரம் வந்திருந்த நான் கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. லொறி முதற் கல்லில் மோதி, அதைச் சாய்த்து, அடுத்ததில் ஏறி, அப்படியே நின்றது. ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை. கை முறிந்த சாரதி பாலேந்திரன் இறங்கி வந்து, "பிள்ளையள் எல்லாரும் நிக்கினமோ அக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். "ஓம், நிக்கினம்" என்றேன். அவர் பனியிலேயே இருந்து அழுதார்.

3. இதன்பின் எமது குடியிருப்பு நிர்வாகக் குழு எடுத்த முடிவே இப்புகாருக்குக் காரணம். கற்கள் வாகனத்துக்குச் சேதம் விளைவித்தனவாம். ஆகவே அவற்றை உடைத்துக் கார் தரிப்பிடம் அமைக்கப்படுமாம். பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குழுவின் கூட்டத்தில் எழுந்து அதைக் கேட்டேன். உங்களுக்கு நொஸ்க் சரியாக விளங்கவில்லை என்று தலைவர் என்னிடம் சொன்னார். எனக்கு நன்றாகவே விளங்கியது, ஐயா.

4. கடந்த திங்கட்கிழமை உடைக்கும் இயந்திரம் வந்தது. பிள்ளைகளின் பெற்றோரான நாங்கள் கற்களுக்கு முன்னால் நின்றோம். ராக்ன்ஹில்ட் அம்மையார் மடக்குக் கதிரையைப் போட்டு அமர்ந்துகொண்டார். கையில் கட்டோடு வந்த பாலேந்திரன் இயந்திரக்காரரிடம் நொஸ்கில் பேசத் தொடங்கி, தமிழில் முடித்தார்: "அந்த லொறியை ஓட்டினது நான்தான். இந்தக் கல்லு இல்லாட்டில் நான் இண்டைக்கு மனுசனா நிண்டிருக்க மாட்டன்." இயந்திரக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் சாய்ந்த கல்லையும் அதற்குக் கீழேயுள்ள சரிவையும் பார்த்தார், எஞ்சினை நிறுத்தினார். தன் முதலாளியுடன் கைபேசியில் நீண்ட நேரம் பேசினார். பிறகு இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு மேடேறிப் போனார். நாங்கள் கைதட்டிய சத்தம் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்டிருக்கும்.

5. வேலையை ஒத்திவைத்திருப்பதாக நிர்வாகக் குழு இப்போது கூறுகிறது. அது எங்களுக்குப் போதாது. இக்கற்களைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்து, அவற்றை எவரும் தொடாதவாறு எழுத்துமூலம் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். சாய்ந்த கல்லை நிமிர்த்தவும் வேண்டாம். அது சாய்ந்தபடியே நிற்கட்டும்.

யுத்தத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு பொருள் என் பிள்ளையைக் காப்பாற்றியது என்று எழுதக் கிடைக்கும் என நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இன்று அதைத் தலைநிமிர்ந்து எழுதுகிறேன்.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து நிற்கும்,

(ஒப்பம்)
மங்களேஸ்வரி குலேந்திரன்

இடம்: ஒஸ்லோ
திகதி: 28.04.2006