நம்ம ஆலை

கண்டனூர்
8.5.1974

உமையாளின் அப்பச்சி அவர்களுக்கு,

இங்கு நலம். புது அரிசி ஆலை, நெல் ஊறவைத்த நாற்றத் தண்ணீரை இன்னும் நம் ஊருணிக்குள்தான் விடுகிறது. கல்லூரி விடுமுறைக்கு வந்த உமையாள் போன வாரம் தெருப் பெண்களைத் திரட்டி, வெறுங்குடங்களோடு ஆலை வாசலை மறித்துவிட்டாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

ஆலை மானேஜர் என்னிடம் மட்டும் குனிந்து, "ஆச்சி, நம்ம ஆலையை நீங்களே மறிக்கிறீகளே?" என்றார்.

"நம்மன்னா யாரு?" என்றேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு சென்னையிலிருந்து வந்த உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "குடத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளையைத் தெருவுக்கு அனுப்பாதே" என்றிருக்கிறது. குடத்தைப் பற்றி நான் உங்களுக்கு எழுதவே இல்லையே.

ஆலை யாருடையது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தாசில்தார் விசாரிக்க வருகிறார். அதற்குள் நீங்களே வந்து சொல்லிவிடுங்கள்.

கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. நேற்று அடுப்படியில் தனியாக நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நாக்கு கூசவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் ஆத்தா