நாங்கள் எங்கும் போகவில்லை

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றும் அதே கேள்வி. பழைய மாயா கற்கோபுரத்தின் மேல்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த கனடாக்காரர், தொப்பிக்குள் ஈரத்துணி வைத்திருந்தவர், கேட்டார்: "அப்புறம் இந்த மாயா ஜனங்க என்னதான் ஆனாங்க?"

சுற்றுலாக் கம்பெனி கைடுகளுக்குக் கொடுத்த பாடத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. குரலைத் தாழ்த்தி, காட்டைப் பார்த்தபடி, 'ஒருநாள் மர்மமாக மறைந்துபோனார்கள்' என்று சொல்ல வேண்டும். இன்று வாய் வரவில்லை.

"காலைல உங்களுக்குப் பனுச்சோ பரிமாறினாங்களே, அந்தம்மா மாயா. கீழே வேன்ல ஏசி போட்டுட்டுத் தூங்கறான் பாருங்க, என் தம்பி ஃப்ரெடி, அவனும் மாயா. நான் நெல்சி தூஸ் கனுல். நாங்க எங்கேயும் போகலை."

அவர் சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றிக்கொண்டார். இறங்கும்போது என் பாட்டன் பெயர் கேட்டார். பாடத்தில் இல்லாத கேள்வி. சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

முதலாளி தோன் ரெனான் மெரிதா நகரத்திலிருந்து வந்திருந்தார். யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

"நெல்சி, ஜனங்க மர்மத்தைப் பாக்க வர்றாங்க. அங்க நின்னு அரசியல் பேசாதே."

"நான் எங்க அரசியல் பேசினேன், தோன் ரெனான்? விலாசம் சொன்னேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எங்கள் ஊர்ப் பாறைக்கிணறான செனோத்தேயில் ஒரு 'சடங்கு' நடக்கப்போகிறதாம். விருந்தாளிகள் அந்தப் பாதாளத் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் மாயா பூசாரி சங்கு ஊதி, புகை போட்டு, அவர்களைச் சுத்தப்படுத்துவார். தலையில் இறகுக் கிரீடம். நான் பக்கத்தில் நின்று, 'காட்டின் ஆதிப் பூசாரி இதோ' என்று அறிமுகம் செய்ய வேண்டும்.

பூசாரி யார் என்று கேட்டேன்.

ஃப்ரெடியாம்! அவனும் சரி என்று சொல்லிவிட்டானாம்!

பிப்ரவரி 15, சனி

ஃப்ரெடியோடு சண்டை. அம்மா முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், கேட்காதவள்போல.

"இறகு வச்சா என்னக்கா? உள்ளே இருக்கறது நான்தானே."

"மழை வேணும்னு பெரியப்பா சோளக்கொல்லையில பூசை போடறாரே, இறகா வச்சுக்கறார்? அரைக்கைச் சட்டையும் ரப்பர் செருப்பும்தானே?"

"அந்தப் பூசைக்கு உன்னைப் பக்கத்துலயே விட மாட்டாங்க. நீ அதைப் பத்திப் பேசற!"

உண்மைதான். பெண்களை விட மாட்டார்கள். அது வேறு சண்டை, அதையும் ஒருநாள் போடுவேன்.

"ஐரீனுக்கு அடுத்த மாசம் பிரசவம். உன்னை மாதிரி வீராப்பு பேச என்னால முடியாது" என்றான். பெண்டாட்டியைச் சொன்னபிறகு என்ன வாதாடுவது? போய் அம்மாவோடு துணி பிழிந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

செனோத்தேக்குள் இறங்கும் படிக்கட்டின் தலையில் விருந்தாளிகள் துண்டோடு நின்றார்கள். ஃப்ரெடி மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தான். மார்பில் சுண்ணாம்புக் கோடுகள், தலையில் நீல இறகு. சங்கை உதட்டில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: "இவன் ஃப்ரெடி. என் தம்பி. எங்க ஊர் பேஸ்பால் டீம்ல கேட்சர். இறகெல்லாம் மெரிதாவுல திருவிழாக் கடையில வாங்கினது. சுத்தமாகணும்னா அதோ ஷவர் இருக்கு. உடம்புல பூசின கிரீமை நல்லாக் கழுவிட்டு இறங்குங்க, தண்ணில மீன் இருக்கு."

சிரித்தார்கள். கைதட்டினார்கள். ஒரு பெண் 'சபாஷ்' என்றாள்.

ஃப்ரெடி சங்கை இறக்கவில்லை. ஊதவும் இல்லை. அப்படியே நின்றான். அந்த முகம் — சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் மாயா பேசியதற்காக வகுப்புக்கு முன்னால் நிறுத்திவைத்தார்களே, அன்றைக்குப் பார்த்த முகம்.

வீட்டில் இறக்கிவிடும்போது ஒரே ஒரு பேச்சுதான். "நீ ஜெயிச்சுட்டே. போ."

பிப்ரவரி 21, வெள்ளி

வேலை போய்விட்டது. வாட்ஸப்பில் சொன்னார்கள். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அந்த எண்ணைத் தடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

சொன்ன வார்த்தைக்கு வருத்தப்படுகிறேனா? இல்லை. ஒரு எழுத்துக்கும் இல்லை. அப்படியென்றால் ஏன் சாப்பாடு இறங்கவில்லை? ஓங்கியது தோன் ரெனானை நோக்கி. விழுந்தது தம்பி மேல். அவர் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லையே!

ஃப்ரெடி இன்னும் இறகு வைத்துக்கொள்கிறான். வேன் என் வாசலைத் தாண்டிப் போகிறது. ஹாரன் அடிப்பதில்லை.

மார்ச் 2, ஞாயிறு

அம்மா வீட்டில் பன்றிக்கறிக் கொச்சினீத்தா. அவன் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டான்.

மார்ச் 13, வியாழன்

சந்தையில் தக்காளி விற்கும் லாண்டி என்னைக் கண்டதும் போனை நீட்டினாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

யாரோ விருந்தாளி எடுத்த வீடியோ. எங்கள் செனோத்தே. வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து நிற்கிறார்கள். ஃப்ரெடி இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, கோயில் குரலில், மாயாவில் ராகம் இழுக்கிறான்:

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல சாந்தோஸ் பந்தைக் கோட்டை விட்டான்... ஓ, கோட்டை விட்டான்! மெரிதாக்காரன் வாங்கின இறகு அரிக்குது... ஓ, முதுகெல்லாம் அரிக்குது! எங்கக்கா அன்னைக்கே சொன்னா, நான் கேக்கலை... ஓ, நான் கேக்கலை!"

ஒவ்வொரு 'ஓ'வுக்கும் விருந்தாளிகள் தலை குனிகிறார்கள். மேலே பாறை விளிம்பில் நம் ஊர் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருள்கிறார்கள்.

யுகாத்தான் முழுக்கப் பார்த்துவிட்டதாம். நான் நடுச்சந்தையில் நின்று சிரித்தேன். அப்புறம் கண்ணைத் துடைக்கத் தக்காளிப் பைதான் கிடைத்தது.

மார்ச் 14, வெள்ளி

தோன் ரெனானுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார்கள். தம்பிக்கும் வேலை போய்விட்டது. சாயங்காலம் ஃப்ரெடி வந்து என் ஊஞ்சல்வலையில் விழுந்தான்.

"மன்னிப்புக் கேக்க வரலை."

"நானும் கேக்கப் போறதில்லை. ஆனா அன்னைக்கு உன் முகம்..."

"விடுக்கா. சாப்பிட என்ன இருக்கு?"

பீன்ஸ் இருந்தது. மூன்று தடவை போட்டுக்கொண்டான்.

மார்ச் 26, புதன்

ஐரீனுக்குப் பெண் குழந்தை. தலை நிறைய முடி. ஃப்ரெடி குழந்தை காதில் மாயாவில்தான் முதல் வார்த்தை சொன்னானாம். என்ன வார்த்தை என்று சொல்ல மாட்டேன் என்கிறான்.

அந்த வீடியோவுக்குக் கீழே பேத்தோ ஊர் டீச்சர் ஒருத்தி, ஆடி சீ என்று பெயர், எழுதியிருக்கிறாள்: 'நாங்க சில பேர் வரலாமா? முழுக்க மாயாவிலேயே சுத்திக் காட்டுவீங்களா?'

"நீ கைடு, நான் டிரைவர்" என்றான் ஃப்ரெடி. மச்சானுடைய பழைய வேனைக் கேட்டிருக்கிறான். கதவு சரியாகச் சாத்தாதாம், கயிறு கட்டிக்கொள்ளலாமாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

செனோத்தே ஊர்ப்பொது, அதனால் கூட்டத்தில் அனுமதி கேட்டோம். தலைவர் தோன் எலெயுத்தேரியோ நாற்காலியைப் பின்னால் சாய்த்தார்.

"நம்மளை நமக்கே சுத்திக் காட்டப்போறியா? எவன் வருவான், பொண்ணே?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"நீங்க அந்தக் கோபுரத்துல ஏறியிருக்கீங்களா?"

"அங்க வருஷக்கணக்கா புல் வெட்டியிருக்கேன்."

"ஏறியிருக்கீங்களான்னு கேட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. வெயிலில் வேலை, வேலை முடிந்தால் வீடு. ஏறிப் பார்க்க அவரை யார் கூப்பிட்டார்கள்?

"சனிக்கிழமை வாங்க" என்றேன். முனகினார். ஆனால் கையைத் தூக்கினார். அவர் தூக்கியதும் மற்றவர்களும்.

ஏப்ரல் 12, சனி

முதல் நாள்! பேத்தோ டீச்சர்கள், அவர்களோடு சலவைச் சட்டையில் தோன் எலெயுத்தேரியோ.

கோபுரத்தடியில் நின்று வாயைத் திறந்தேன். இங்கிலீஷ் வந்தது. பழக்கதோஷம். எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். ஃப்ரெடி பெரிதாகச் சிரித்தான்.

மறுபடி ஆரம்பித்தேன். கஷ்டமாக இருந்தது. மாயாவில் சொல்ல எனக்குத் தயார் வாக்கியமே இல்லை. இங்கிலீஷில் 'அவர்கள்' என்று சொல்லி வந்த இடத்திலெல்லாம் 'நாம்' என்று வந்தது. நாம் கல் சுமந்தோம். நம்மிடையே ராஜாக்கள் இருந்தார்கள், அவர்களில் சிலர் அயோக்கியர்கள்.

உச்சியில் தோன் எலெயுத்தேரியோ காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி, "என் கொல்லை அங்கே இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

செனோத்தேயில் ஆடி டீச்சர் பூப்போட்ட ஹுய்பில் உடையோடு அப்படியே குதித்தாள். வெளியே வந்த தலை சொன்ன கெட்ட வார்த்தையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்றுத்தர மாட்டார்கள்.

மே 24, சனி

இன்று வேனில் இடம் போதவில்லை. இரண்டு பேர் ஃப்ரெடி பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வாகனம் நிறுத்துமிடத்தில் தோன் ரெனானின் வெள்ளை வேன் எங்கள் பக்கத்திலேயே நின்றது. புது டிரைவர், கம்பெனிச் சட்டை போட்டவர், சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். எதற்கும் தயாராக இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

மாயாவில் கேட்டார்: "அக்கா, அடுத்த சனிக்கிழமை எங்கம்மாவை அனுப்பட்டுமா? ஸ்பானிஷ்ல சொன்னா அவங்களுக்குச் சரியா விளங்காது."

"அனுப்புங்க" என்றேன். "ஜன்னலோரம் உட்காரச் சொல்லுங்க."