கிள்ளானில் மகன் சமைக்கும் கடை

செப்டம்பர் 3, சனி

காலையிலிருந்து ஒரே புகை, இந்தோனேசியாவில் காடு எரிகிறதாம். எதிர் பிளாட் தெரியவில்லை. காயப்போட்ட துணியெல்லாம் கருகல் வாசம். தைக்க வாங்கின சரோஜா வீட்டுக் கல்யாண ரவிக்கைகள் வெட்டினபடியே கிடக்கின்றன.

கிள்ளான் அம்மன் கோயிலுக்கு என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். கோயில் வாசல்வரை போனது உண்மை. அப்புறம் சு.வின் கடை. மகன் பெயரை இந்த வீட்டில் சொல்லக்கூடாது. எழுதவும் பயம். அதனால் சு.

இரண்டு வருஷமாகிறது. ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அவன் சீனப் பெண் சியூ லானை ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்ட அன்று, இவர் பின்பக்கக் குழாயடியில் போய் நின்று தலைமுழுகினார். "இனிமே எனக்கு மகன் இல்லை." உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத் தலைமுழுகல்! ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், சிக்னல் விழுந்தால் விழுந்ததுதான்.

கடை சின்னது. கேண்டனீஸ் சமையலில் நம் மசாலாவைக் கலந்து என்னென்னவோ செய்கிறார்கள். கல்லாவில் சியூ லான், பரிமாறுவதும் அவள்தான். என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. கிண்ணத்தில் சுடு தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கை கழுவத்தான் என்று விரலை விட்டேன். ஐயோ! கோப்பை, கரண்டியை அலசிக்கொள்ள வைப்பதாம். பக்கத்து மேஜைச் சீனத்துக் கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பட்டர் இறால் கேட்டேன். மேலே கறிவேப்பிலையைப் பொரித்துப் போட்டிருந்தது. நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல். வீட்டில் இருந்தவரை ஒரு முட்டை பொரித்தவன் இல்லை.

சமையற்கட்டுக்கும் கடைக்கும் நடுவே சின்ன ஜன்னல். தட்டை நீட்டும் கை மட்டும் தெரிகிறது. அவன் கைதான். முகம் தெரியவில்லை.

செப்டம்பர் 7, புதன்

மறுபடி கிள்ளான், எழுதாத நாட்களையும் சேர்த்து இது நாலாவது தடவை. மறுபடி கோயில் பொய். பஸ்ஸில் குளிர்காற்று வேலை செய்யவில்லை, ஜன்னலைத் திறந்தால் புகை.

இன்று சியூ லான் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவன் சொல்லிக்கொடுத்த தமிழ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

"ஆன்டி, நீங்க அவன் அம்மா. மூக்கு சேம் லா."

ஆமாம் என்றேன். கூப்பிடட்டுமா என்றாள். தலையாட்டினேன். உள்ளே போனாள். சட்டி கிளறும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தது. திரும்பி வந்தாள்.

"அவன் பிஸி லா, ஆன்டி."

கடையில் என்னைத் தவிர ஈ காக்கை இல்லை.

இதுவரை சாப்பிட்டது:
பட்டர் இறால் – சொன்னேன்.
மீன் சூப் – சூப் என்று பெயர், ரசம்தான். மிளகு தூக்கல்.
சட்டிச் சோறு – கோழி, அடியில் கருவாட்டுச் சம்பல். தீய்ந்த பருக்கைதான் ருசி.
நண்டுக் கஞ்சி – பாதியில் வைத்துவிட்டேன். அவன் மேல் தப்பில்லை.

ஒவ்வொன்றாகச் சாப்பிட்டால் ஒருநாள் வெளியே வந்து "எப்படிம்மா இருக்கு" என்று கேட்பான் என நினைத்தேன். எனக்கு என்ன புத்தி. அப்பன் பிடிவாதம் அவனுக்கு மட்டும் இல்லாமல் போகுமா.

செப்டம்பர் 13, செவ்வாய்

மழை. புகை போகும் என்றார்கள், போகவில்லை. சரோஜா ரவிக்கையில் கையை மாற்றித் தைத்துவிட்டேன். எல்லாம் பிரித்து மறுபடி.

இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து: "என்ன, அடிக்கடி கிள்ளான்? அம்மனே சலிச்சுக்கப் போறா."

முதுகு வலி. மாத்திரை வாங்க மறந்துபோனேன்.

செப்டம்பர் 20, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. கவிச்சி கிடையாது. அந்தக் கடையில் எனக்கு என்ன வேலை? ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று போனேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. சியூ லான் ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். திறந்தால் தாஹூ என்கிற சோயாக்கட்டி, காளான், கத்தரிக்காய், புளி வாசம்.

"எறைச்சி இல்ல, முட்டை இல்ல, ஓய்ஸ்டர் சாஸும் இல்ல. அவன் சொன்னான், அம்மா இந்த மாசம் சாப்பிட மாட்டாங்க."

அப்படியே அழுதுவிட்டேன். அவள் டிஷ்யூ எடுத்து நீட்டினாள், ஒன்று போதாமல் பெட்டியையே வைத்துவிட்டுப் போனாள். நல்ல பெண். மாசம் நினைவிருக்கிறது, அம்மா எதைத் தொடமாட்டாள் என்பது நினைவிருக்கிறது. ஆனால் முகத்தைக் காட்டமாட்டான்.

கிளம்பும்போது கதவுவரை வந்தாள். "ஆன்டி, கோவம் வேணாம். அவன் சொல்றான், அப்பா வந்தா அவன் வெளிய வருவான். அம்மா மட்டும்னா வரமாட்டான்."

அப்பா வந்தால்! பத்துமலையைப் பெயர்த்து கிள்ளானுக்குக் கொண்டு வா என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. முடியாது. இந்த ஜென்மத்தில் முடியாது.

செப்டம்பர் 22, வியாழன்

குட்டு வெளிப்பட்டது. கீழ்வீட்டு ராஜு கிள்ளானில் என்னைப் பார்த்தானாம். "ஆன்டி மகன் கடையில சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க அங்கிள்" என்று இவரிடமே சொல்லியிருக்கிறான். நல்ல எண்ணத்தில்தான்.

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. சாப்பிட்டார், கை கழுவினார், ஈசி சேரில் போய் உட்கார்ந்தார். அப்புறம்:

"சனிக்கிழமை நானும் வரேன்."

என் காதை நான் நம்பவில்லை. "எங்க?" என்றேன்.

"அங்கதான். புரட்டாசி சனி. சாப்பிட்டு வரலாம்."

கீழே இறங்கிப் பொதுத் தொலைபேசியில் சியூ லானுக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் கத்தின கத்தல் கிள்ளான் முழுக்கக் கேட்டிருக்கும். எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. இருந்தாலும் இவருடைய கல்யாணச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டேன்.

செப்டம்பர் 24, சனி

இன்னும் புகை. போய் வந்தாயிற்று.

வாழையிலை போட்டிருந்தார்கள். அந்தக் கடையில் இலை போட்டு நான் பார்த்ததில்லை, எங்கே வாங்கினானோ. தாஹூ கூட்டு, காளான் பிரட்டல், கைலான் கீரையில் தேங்காய்ப்பூ, மிளகு சூப், கடைசியில் சிவப்பு அவரையில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பாயசம். எல்லாம் பாதி அவர்கள் வீட்டுச் சமையல், பாதி நம் வீட்டுச் சமையல்.

இவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். சூப் இன்னொரு தடவை கேட்டார். "உப்பு சரியா இருக்கு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் சமையலுக்குக் கிடைக்காத வார்த்தை. ஜன்னலில் முதல் தடவையாக முகம் தெரிந்தது. இளைத்திருக்கிறான். முன்மண்டையில் முடி போய்விட்டது. கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

இவர் தண்ணீர் குடித்தார். பிறகு இலையை மூடினார். நல்ல நாளில் மூடுகிற மாதிரி தன் பக்கமாக இல்லை. இந்தப் பக்கத்தைத் தூக்கி அந்தப் பக்கமாக, இழவு வீட்டில் சாப்பிட்டு எழுகிறவர்கள் மூடுகிற மாதிரி.

"என்னங்க, இந்தப் பக்கமா..."

"தெரியும்" என்றார். மடிப்பை உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்தினார்.

சியூ லானுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே வந்தாள். "அங்கிள், ஓகேவா?"

"நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இதற்காகவே வந்திருக்கிறார்.

அப்போது சு. வெளியே வந்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் இலையைப் பிரிக்காமல், மூடினது மூடினபடி இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். என் இலையை அவன் தொடவில்லை. நான் எந்தப் பக்கமும் மூடாமல் வைத்திருந்தேன். அம்மா இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்று நினைத்திருப்பான்.