கேக் வேகும் நேரத்துக்கு ஒரு கதை

மாப்ள,

இன்று நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து வந்து கதவைத் திறந்ததுமே வெனிலா வாசனை. மகள் புது ஓவனில் கேக் வைத்திருக்கிறாள். "அப்பா, கிட்ட வராதீங்க, நீங்க பாத்தாலே அமுங்கிடும்" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அவள் பயம் நியாயம்தான். நான் முதன்முதலில் கருக்கி எடுத்த கேக்கைப் பார்த்து நீ சொன்னதை அவளும் கேட்டிருக்கிறாள்: "மைன்ஸ்ல வெட்டி எடுக்கறத எதுக்குய்யா வூட்ல சுட்டுகினு இருக்க?"

வார ஓய்வு வந்தால் உனக்கு ஒரு கையில் மாவுக் கரண்டி, மறு கையில் நாவல். படமாக வந்த கதை என்றால் புத்தகத்தை முடிக்காமல் படத்தைப் பார்க்க மாட்டாய். நான் பத்தாவதை இரண்டாம் தடவையில் தாண்டியவன். நாலு பக்கம் போனால் கண் சொருகிவிடும்.

சர்க்கரை முற்றி நீ படுக்கையில் விழுந்து, பார்வையும் மங்கியபோது, உன் அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்து என்னிடம் நீட்டினாய். வீடு திரும்ப முடியாமல் ஊர் ஊராக அலையும் லாரி டிரைவர் கதை. அப்போதுதான் அது தொடராகவும் வந்திருந்தது. "தினம் ஷிப்டு முடிஞ்சு வா. ஒரு கேக்க அடுப்புல ஏத்திட்டு, வேகற வரைக்கும் படி. எனக்குத்தான் திங்கக் குடுத்துவைக்கல, வாசனையாவது வரட்டும்" என்றாய்.

முதல் நாள் ஒழுங்காகப் படித்தேன். இரண்டாம் நாளே திருட்டுத்தனம். கம்பெனி பஸ்ஸில் போனில் தொடரைப் பார்த்துக்கொண்டு வந்து, புத்தகத்தை மடியில் விரித்து, படிப்பது போலவே சொன்னேன். நடுநடுவே பக்கம் வேறு புரட்டுவேன். தொடரில் நடித்தவர்களே என்னிடம் பாடம் கேட்கலாம் என்று நினைப்பு. நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். கடைசியில் டிரைவர் வீடு வந்து சேர்கிறான், மனைவி கதவைத் திறக்கிறாள் என்று முடித்தேன்.

நீ போய்ச் சேர்ந்தபின், குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று உன் மனைவி அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள். மனசு உறுத்த, படிக்க ஆரம்பித்தேன். முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. போன ஞாயிறு கடைசிப் பக்கம். அவன் வீடு வந்து சேரவில்லை மாப்ள. பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே செத்துப்போகிறான்.

படுக்கையில் கிடந்தவனைக் கடைசி நாட்களில் ஏமாற்றிவிட்டேனே. வண்டியை எடுத்துக்கொண்டு, உன் மனைவி இப்போது இருக்கும் வடக்குத்துக்குப் போய், தங்கச்சியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"ண்ணா, அத அவரு கல்யாணத்துக்கு முன்னாடியே மூணு வாட்டி படிச்சிட்டாருங்க. ரெண்டாம் நாளே எங்கிட்ட சொன்னாரு, 'நாலு பக்கத்துல தூங்கறவன் நாப்பது பக்கம் தாண்டிட்டான். எங்கியோ பாத்துகினு வந்து வுடறான்'னு."

"அப்பறம் ஏன்மா கேட்டுகினு இருந்தான்?"

"நீங்க வருவீங்கன்னு தினமும் காலையிலயே மாவு சலிச்சு வைக்கச் சொல்லுவாருங்க" என்றாள்.

திரும்பும் வழியில் ஒன்று நினைவில் தட்டி, வண்டியை ஓரம் நிறுத்தினேன். கதை முடிந்த மறுநாள் உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேனே, அப்போது நீ கேட்டாய்.

"அந்தக் கடைசிய இன்னொரு வாட்டி சொல்லு. கதவத் தொறந்தது யாரு?"

"அவன் பொண்டாட்டிதான் மாப்ள."

"சிரிச்சாளா?"

தொடரில் அவள் முகத்தைக் காட்டவே இல்லை. புத்தகத்தில் அந்தக் கதவே திறக்கவில்லை. "சிரிச்சா" என்றேன். நீ தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் படுத்தாய்.

நேற்று மகள் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து, "முடிவு என்னப்பா?" என்று கேட்டாள். நான் முழுதாகப் படித்து முடித்த ஒரே புத்தகம். தெரியாது என்று சொல்ல முடியாது. அவன் வீட்டுக்கு வந்துவிட்டான், அவள் சிரித்தாள் என்று சொன்னேன்.